சமன்பாடும் சௌந்தரியமும்

உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னைச் சந்தித்தபோது, தம் வகுப்பில் எழுந்த வினா ஒன்றை என்முன் வைத்தார். ஒரு சமன்பாடு பரிசோதனை முடிவுகளோடு பொருந்துவதிலும், அஃது அழகுடையதாய் இருத்தலே முக்கியமானது என்று பேரறிஞர் ஒருவர் எழுதியிருப்பதை அவர் மாணவருக்கு எடுத்துரைத்திருக்கிறார். உடனே பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால் ஆய்கூடம் எதற்கு, சேர்? அழகாயிருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா?" என்று கேட்டாளாம். அவ்வேளை பாடம் முடிந்து மணி அடித்ததனால் தாம் தப்பியதாக நண்பர் நகைத்தார். எனக்கு நகைப்பு வரவில்லை. அம்மாணவிக்கு விடை கூற வேண்டிய கடமை நம் எல்லோருக்கும் உண்டு என்றே தோன்றியது. அந்த விடையைத் தேடும் முயற்சியே இவ்வாரம் நான் எழுதுவது.

நண்பர் குறிப்பிட்ட பேரறிஞர் போல் டிராக். 1963ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையிலே அவர் இக்கருத்தை வெளியிட்டார். அதற்கு ஒரு சான்றும் காட்டினார். ஸ்ரோடிங்கர் முதன்முதலாக அமைத்த சமன்பாடு, சார்புக் கொள்கையோடு இயைந்த அழகிய சமன்பாடு. ஆயின் ஐதரசன் அணுவுக்கு அதனைப் பிரயோகித்தபோது, கிடைத்த விடை அளவீட்டோடு முற்றாகப் பொருந்தவில்லை. மனம் தளர்ந்த அவர் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு, சார்புக் கொள்கையைக் கணக்கிற் கொள்ளாத அண்ணளவான வடிவத்தை 1926இல் வெளியிட்டுப் புகழெய்தினார். குறை சமன்பாட்டில் இருக்கவில்லை. இலத்திரன் தற்சுழற்சி உடையது என்ற செய்தி அப்போது அவர் அறியாதது. அதுவே முரண்பாட்டுக்குக் காரணம். தற்சுழற்சி இல்லாத துணிக்கைகளுக்கு அந்த முதற் சமன்பாடே பொருத்தமானது என்பது பின்னர் தெளிவாயிற்று. அழகை நம்பும் துணிவு ஸ்ரோடிங்கருக்குச் சற்றே கூடுதலாக இருந்திருக்குமாயின் அவர் தயங்கியிருக்கமாட்டார் என்பது டிராக்கின் வாதம்.

இங்கே அழகு என்பது யாது? மலரின் நிறத்தையோ மயிலின் சாயலையோ பௌதிக அறிஞர் கருதவில்லை. சொற்ப எடுகோள்களிலிருந்து பல உண்மைகள் பிறத்தல், பகுதிகளுக்கிடையே சமச்சீர் அமைதல், ஒன்றை நீக்கினால் முழுதும் குலைந்துவிடும் என்னும்படியான இறுக்கம் இருத்தல் என்பனவே அவர் கூறும் அழகின் இலக்கணங்கள். நல்ல வெண்பாவிலே ஒரு சீரைப் பெயர்த்தெடுத்து வேறொன்றை வைக்க முயன்று தோற்றவர்களுக்கு இது புதிய அநுபவமன்று.

இந்த அழகுணர்ச்சி வெறும் மயக்கம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1928இல் டிராக், குவாண்டம் எனும் சத்திச்சொட்டுக் கொள்கையையும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்புக் கொள்கையையும் ஒருங்கே திருப்தி செய்யும் சமன்பாடொன்றை இலத்திரனுக்கு அமைத்தார். இலத்திரனின் தற்சுழற்சியும் அதன் காந்தத் தன்மையும் வெளியிலிருந்து புகுத்தப்படாமல் அச்சமன்பாட்டிலிருந்து தாமாகவே வெளிப்பட்டன. அதனோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. சத்தி மறைப் பெறுமானம் உடையதாய் இருக்கும் தீர்வுகளையும் அச்சமன்பாடு தந்தது. இயற்கையில் அவற்றுக்குப் பொருள் என்ன?

அக்காலத்தில் அறியப்பட்டிருந்த பருப்பொருட்டுணிக்கைகள் இரண்டு: இலத்திரனும் புரோத்தனும். 1930இல் டிராக், அந்தத் தீர்வுகள் புரோத்தனையே குறிக்கலாம் என்று கருதினார். ஒரே சமன்பாட்டில் உலகின் இரு துணிக்கைகளும் அடங்குமாயின் அதனினும் சிக்கனமான அழகு வேறேது? ஆனால் புரோத்தன் இலத்திரனிலும் ஏறக்குறைய 1836 மடங்கு திணிவுடையது. சமன்பாடோ இரு துணிக்கைகளுக்கும் ஒரே திணிவைக் கோரிற்று. கணித அறிஞர் ஹேர்மன் வைல் முதலானோர் இதனைச் சுட்டிக்காட்டினர். 1931இல் டிராக் தம் விருப்பத்தைக் கைவிட்டு, இலத்திரனுக்குச் சமமான திணிவும் எதிரான ஏற்றமும் உடைய புதிய துணிக்கை ஒன்று இருத்தல் வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் கார்ல் அண்டர்சன், அண்டக்கதிர்களின் சுவடுகளை முகிலறையிற் படம் பிடித்தபோது அதனைக் கண்டார். அவர் டிராக்கின் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவர் அல்லர்; இயற்கை தானாகவே சாட்சி சொல்லிற்று.

இவ்வரலாற்றை அழகின் வெற்றி என்று கூறுவோர் பலர். அது சரியே. ஆயினும் இதனுள் மற்றொரு பாடமும் மறைந்திருக்கிறது. டிராக் முதலில் விரும்பிய அழகு வேறு. இறுதியிற் கிடைத்த அழகு வேறு. இரு துணிக்கைகளோடு உலகை முடித்துவிடும் சிக்கனத்தை அவர் இழந்தார். பருப்பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே அதுவரை ஒருவரும் கனவிலும் காணாத சமச்சீரை அவர் பெற்றார். முன்னதை இழக்க மனமொப்பியதனாலேயே பின்னது கைக்கு வந்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். 1595இல் ஆஸ்திரிய நாட்டின் கிராஸ் நகரப் பாடசாலையிலே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர் யொகான்னஸ் கெப்ளர், மாணவருக்கு ஓர் உருவத்தை வரைந்து காட்டும்போது ஒரு மின்வெட்டுப் போன்ற எண்ணத்தைப் பெற்றார். ஒழுங்கான திண்மங்கள் ஐந்தே. அன்று அறியப்பட்ட கோள்கள் ஆறு. கோள்களுக்கு இடையேயுள்ள ஐந்து இடைவெளிகளிலும் அந்த ஐந்து திண்மங்களை ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்தி இறைவன் உலகை அமைத்தான் என்று அவர் மகிழ்ந்தார். 1596இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். அத்துணை அழகிய கருத்து உண்மையன்று. 1781இல் ஏழாவது கோள் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் அடித்தளமே தகர்ந்தது.

அந்தக் கனவைக் கெப்ளர் இறுதிவரை முற்றாகத் துறந்தாரல்லர். ஆயினும் செவ்வாய்க் கோளின் பாதையை ஆராய்ந்தபோது அவர் காட்டிய நேர்மை வணங்கத்தக்கது. வட்டமே பூரண வடிவம், வானுலகப் பொருட்கள் வட்டத்தையே தழுவும் என்பது ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை. வட்டத்தைக் கொண்டு அவர் பல ஆண்டு உழைத்துச் செய்த கணிப்பு, தைக்கோ பிராகேயின் அவதானிப்புகளிலிருந்து 8 கலை அளவே விலகி நின்றது. கலை என்பது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 8 கலை, முழுமதியின் அகலத்தில் ஏறக்குறைய காற்பங்கு. வேறொருவர் அதனைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். கெப்ளர் தைக்கோவின் அளவீட்டை நம்பி, வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வளையப் பாதையை அறிவித்தார். அழகு குன்றியதாகத் தோன்றிய அந்த நீள்வளையம், ஈர்ப்பு பற்றிய ஒரே விதியிலிருந்து பிறப்பது என்று 1687இல் நியூட்டன் நிறுவினார். வட்டத்தினும் உயர்ந்த அழகு நீள்வளையத்தின் பின்னே காத்திருந்தது.

கெப்ளருக்கு வாய்த்த அந்த மனநிலை எல்லா அறிஞருக்கும் எக்காலத்தும் வாய்ப்பதில்லை. அதற்குச் சான்றாகவுள்ள நிகழ்ச்சியோடு தமிழர் ஒருவரின் பெயர் பிணைந்திருக்கிறது.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரிக் கல்வியை முடித்து, கேம்பிரிட்ஜ் நோக்கிக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. அவருடைய தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர் என்பதை இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளலாம். கடற்பயணத்தின்போது அந்த இளைஞர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய 'வெண்குள்ளன்' விண்மீன்களுக்குச் சார்புக் கொள்கையைப் பிரயோகித்துக் கணித்தார். அத்தகைய விண்மீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்பது அவருடைய முடிபு. அந்த எல்லை சூரியனது திணிவின் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனை மீறிய விண்மீன் வெண்குள்ளனாக அமைதி பெற இயலாது. அது மேலும் மேலும் சுருங்கும்.

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனில் கூடிய அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிபை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசியவர் ஆதர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பே தீவுக்குச் சென்று, விண்மீனொளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் அவர். சந்திரசேகரின் கணிப்பை ஏற்றால் விண்மீன் சில கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கி, ஒளியும் வெளியேற முடியாதபடி ஈர்ப்பு அதனைப் பிணித்துவிடும் என்று அவர் கூறினார். அதாவது, இன்று கருந்துளை என நாம் அழைக்கும் பொருளை அவர் மிகச் சரியாகவே விவரித்தார். விவரித்துவிட்டு, இத்தகைய அபத்தமான நடத்தையைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆகவேண்டும் என்று முடித்தார். அந்த விதி யாது? அதற்கு ஆதாரம் எங்கே? ஆதாரம் அவருடைய மனத்திலே இருந்தது. இயற்கை அவ்வளவு அவலட்சணமாக நடந்துகொள்ளாது என்ற நம்பிக்கையே அவருக்குச் சான்றாயிற்று.

எடிங்டனின் புகழுக்கு அஞ்சி அன்று வெளிப்படையாக எதிர்த்துப் பேச முன்வந்தோர் அரியர். சந்திரசேகர் 1937இல் அமெரிக்கா சென்றார். 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றித் தம் நூலை வெளியிட்டபின் வேறு துறைகளுக்குத் திரும்பினார். கருந்துளை ஆராய்ச்சி அதனால் எத்துணை ஆண்டு பின்தங்கியது என்று அளவிடுவதற்கில்லை. ஆனால் பெருமகன் ஒருவரின் இரசனை ஒரு துறையின் வாசலையே அடைத்து நிற்கக்கூடும் என்பது தெளிவு. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, எடிங்டனின் நூற்றாண்டு விழாவிலே அவரைப் போற்றி விரிவுரை நிகழ்த்தினார் என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

சந்திரசேகர் அழகை வெறுத்தவர் அல்லர். 'உண்மையும் அழகும்' என்று பொருள்படும் தலைப்பிலே 1987இல் அவர் வெளியிட்ட நூல், விஞ்ஞானத்தில் அழகுணர்ச்சியின் இடம் பற்றியதே. நியூசிலாந்துக் கணித அறிஞர் ரோய் கேர், சுழலும் கருந்துளைக்குரிய தீர்வை 1963இல் கண்டார். விண்வெளியிற் பரந்து கிடக்கும் கணக்கற்ற கருந்துளைகளை அந்த ஒரே தீர்வு துல்லியமாக விவரிக்கிறது என்ற உணர்வு, தம் விஞ்ஞான வாழ்வில் தம்மை உலுக்கிய அநுபவம் என்று சந்திரசேகர் கூறியிருக்கிறார். எடிங்டன் அபத்தம் என்று தள்ளிய அதே இடத்திலேதான் சந்திரசேகர் பேரழகைத் தரிசித்தார். 2019இல் 'எம் 87' விண்மீன் கூட்டத்தின் நடுவேயுள்ள கருந்துளையின் நிழலைப் படமாகக் கண்டபோது உலகமும் அதனைத் தரிசித்தது.

இது முடிந்துபோன வழக்கு என்று எவரும் எண்ணவேண்டாம். 1970ஆம் ஆண்டுகளில் உருவான மீச்சமச்சீர்க் கொள்கை, அறியப்பட்ட ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு துணைத் துணிக்கை உண்டு என்கிறது. அதன் கணித அழகில் ஈடுபட்டு வாழ்நாளையே அதற்கு அர்ப்பணித்த அறிஞர் பலர். ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய பெரும் மோதுபொறியில் 2012இல் ஹிக்ஸ் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துணைத் துணிக்கைகளில் ஒன்றேனும் இதுவரை அகப்படவில்லை. அழகின் பின்னே சென்று பௌதிகம் வழிதவறிவிட்டது என்று ஜேர்மனியப் பௌதிக அறிஞர் சபீன் ஹொசன்பெல்டர் 2018இல் ஒரு நூலே எழுதினார். மறுசாராரோ, பொறுத்திருங்கள், ஸ்ரோடிங்கர் செய்த தவற்றை நாமும் செய்யவேண்டாம் என்கின்றனர். தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

அம்மாணவியின் வினாவுக்கு இனி விடை கூறலாம். அழகு உண்மையாகிவிடாது. ஆயினும் உண்மையைத் தேடிச் செல்பவனுக்கு அழகு நல்ல வழித்துணை. எந்தத் திசையில் முதலடி வைப்பது என்பதை அது சொல்லும். போய்ச் சேர்ந்த இடம் சரிதானா என்பதைச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் ஆய்கூடத்துக்கும் தொலைகாட்டிக்குமே உண்டு. இன்னொன்றும் உண்டு. நாம் முன்கூட்டியே மனத்தில் வைத்திருக்கும் அழகு பெரும்பாலும் பழக்கத்தின் பிள்ளை. உண்மைக்குப் பணிந்தபின் நமக்குக் காட்சி தரும் அழகே கண்டுபிடிப்பு. கெப்ளரின் நீள்வளையமும், டிராக்கின் எதிர்த்துணிக்கையும், சந்திரசேகரின் விண்மீன் எல்லையும் இந்த ஒன்றையே வெவ்வேறு மொழியிற் கூறுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் அழகையும் மாணவருக்குக் காட்டுங்கள். அழகை உணராதவன் அதனைத் தேடிப் புறப்படமாட்டான். அதனோடு அந்த 8 கலையையும் காட்டுங்கள். பின்வரிசையிலிருந்து எழும் வினாவை மணியோசையில் அமிழ்ந்துபோக விடாதீர்கள். 1935இல் இலண்டன் மண்டபத்திலே விடை பெறாது நின்றதும், நாம் அபத்தம் என்று ஒதுக்கிவிடக்கூடிய அத்தகைய ஒரு குரலே.