கணினி விலை நியாயமா?

நம்ம புதுக்கோட்டைப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இன்று நமக்குக் கணினிதான் அந்தச் சைக்கிள். ஆனால் விலை?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. சைக்கிளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. ஏ.சி.க்குக்கூட 28 சதவீதம் 18 ஆனது. கணினிக்கோ அன்றும் 18, இன்றும் 18! லேப்டாப் விலை 30,000 ரூபாய் என்றால் வரியே 5,400 ரூபாய்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள முதலாளி தொழிலுக்கு வாங்கினால், அந்த வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மகளின் படிப்புக்கு வாங்கும் கூலித் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. இது எந்த ஊர் நியாயங்க?

நோட்டும் படிக்கத்தான், கணினியும் படிக்கத்தான். சைக்கிளுக்கு உள்ள 5 சதவீதமே கணினிக்கும் போதும் என்பது என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க? எழுதி, பக்கத்திலேயே ஒட்டுங்கள்!