எட்டு ஷில்லிங் பிள்ளைகள்

'அப்ரைசல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கிறதா? டார்கெட் எட்டவில்லை என்றால் இன்க்ரிமென்ட்டில் கை வைப்பேன் என்று மேனேஜர் மிரட்டுகிறாரா? இந்த விஷயத்துக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. அவரைப் பார்க்க விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்கு, அதுவும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வாங்க, போவோம்.

பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஹால்தான். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலை எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள். மூலையில் ஒரு கணப்பு. அதன் கதகதப்பு கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேராது. ஐம்பது, அறுபது பிள்ளைகள். ஐந்து வயசு வாண்டுகளிலிருந்து மீசை அரும்பப் போகிற பையன் வரை எல்லோரும் அதே ஹாலில். மூன்று மைல் சேற்றில் நடந்து வந்த பூட்ஸ் நாற்றம் வேறு. கையில் ஸ்லேட்டு. அழிப்பதற்கு எச்சில், துடைப்பதற்குச் சட்டைக் கை. (கோவை இலை வைத்துத் துடைத்த நாம் எவ்வளவோ சுத்தம்!) திங்கட்கிழமை காலையில் வீட்டிலிருந்து ஒரு பென்னி, இரண்டு பென்னி ஃபீஸ் கொண்டுவரணும். 1891-ல்தான் அநேகமாக இலவசமாச்சு.

இத்தனை பேரை ஒரே வாத்தியார் எப்படி மேய்த்தார்? ஆரம்பத்தில் அதற்கு வழி சொன்னது நம்ம எழும்பூர் என்றால் நம்புவீர்களா? ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-லிருந்து சென்னையில் ஓர் அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொண்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தன் விடுதியில் புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டையும் செய்தார். வேறென்ன, திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான்! ஊருக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பேரில் அது இங்கிலாந்தெல்லாம் பரவியது. 1846-க்கு அப்புறம் சட்டாம்பிள்ளைக்குப் பதிலாகப் பதின்மூன்று வயசில் சேர்கிற 'பயிற்சி வாத்தியார்கள்' வந்தார்கள். அவர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது.

அங்கேதான் கஜானாவுக்குக் கண் உறுத்தியது. கல்விக்கான மானியம் ஏறிக்கொண்டே போக, ராபர்ட் லோ என்ற அமைச்சர் 1862-ல் ஒரு சட்டதிட்டம் கொண்டுவந்தார். விஷயம் சிம்பிள். வேலை நடந்தால் காசு, நடக்கவில்லையா, அரசாங்கத்துக்கு மிச்சம். சராசரி வருகையில் தலைக்கு நான்கு ஷில்லிங். அப்புறம் ஆறு வயசு தாண்டிய பிள்ளை இருநூறு வேளைக்கு மேல் வந்திருந்து, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங். ஒன்றில் கோட்டைவிட்டால் இரண்டு ஷில்லிங் எட்டு பென்னி கட்!

ஐம்பது பிள்ளைகள், முப்பது ஃபெயில் என்று வையுங்கள். நான்கு பவுன் போச்சு. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் வாங்கும் பண்ணைக் கூலிக்காரனுக்கு அது ஏழெட்டு வாரக் கூலி. பணம் பள்ளி நிர்வாகத்துக்குத்தான் போகும் என்றாலும், பல ஊர்களில் வாத்தியார் சம்பளத்தை அதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆகும்? ஆபீஸில் இருக்கிற உங்களுக்குச் சொல்லித் தரணுமா? காசு வராத சரித்திரமும் பூகோளமும் ஓரங்கட்டப்பட்டன. ஒரே வாசகப் புத்தகத்தை வருஷம் பூரா உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பிள்ளை கடகடவென்று 'வாசிக்கும்' என்று கேலி பேசும் அளவுக்குப் போனது. கெட்டிக்காரப் பையனை மேலே தூக்கிவிட வாத்தியாருக்கு அவசியமில்லை, அவனுக்கும் அதே எட்டு ஷில்லிங்தான். மந்தமான பிள்ளைக்குத்தான் பிரம்படி. அதன் கணக்கு மண்டையில் ஏறாதது வாத்தியாரின் மளிகைக் கணக்கில் இடித்ததே!

வராத பிள்ளை இன்னும் பெரிய தலைவலி. கதிரில் காக்கா விரட்டினால் பையனுக்குச் சில பென்னி கிடைக்கும். உருளைக்கிழங்கு எடுக்கணும், கல் பொறுக்கணும், அறுவடை முடிந்ததும் சிந்திய கதிர் பொறுக்கணும். அம்மாவுக்கு அந்தக் காசு இந்த வாரச் சோற்றுக்கு, வாத்தியாருக்குப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் சோறு. நடுவில் அந்தப் பொடியன். அவனை யார் கேட்டார்கள்? பெரிய லீவையே அறுவடையைப் பார்த்துத்தான் விட்டார்கள். பயிர் விளையத் தாமதமானால் லீவும் தள்ளிப்போகும். ஐந்து வயசிலிருந்து பத்து வரை கட்டாயம் என்று 1880-ல் சட்டம் வந்த பிறகும் இந்த இழுபறி ஓயவில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எல்லோரும் சுத்தமான உடுப்பில் ஆஜர். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைக்கூடக் கொண்டுவந்து உட்காரவைத்த கதைகள் உண்டு. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அம்மை தொத்துமே என்றால், எட்டு ஷில்லிங் சார்!

இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் யமதூதர்கள் இல்லை. கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் முப்பத்தைந்து வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தவர். இந்த முறை வாத்தியாரையும் பிள்ளையையும் யந்திரமாக்குகிறது என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக எழுதினார். மேலிடம் அசையக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆனது. 1890-களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்கள். ஆர்னால்ட் 1888-லேயே போய்விட்டார்.

அதே 1862 சட்டதிட்டம் ஒரு நல்ல காரியமும் செய்தது. தலைமை வாத்தியார் 'லாக் புக்' என்று ஒரு நோட்டு எழுதியே ஆக வேண்டும். நடந்ததை மட்டும் எழுதலாம், சொந்த அபிப்பிராயம், புலம்பல் எதுவும் கூடாது! அந்த நோட்டுகள் இன்றைக்கும் அங்கே மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரிதான். மழை, பாதிப் பேர் வரவில்லை. கிழங்கு எடுக்கிற வேலை, பையன்கள் வரவில்லை. தொண்டை அடைப்பான் நோயில் ஒரு பிள்ளை செத்துப்போனால் அதற்கும் ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில், கணப்புக்குக் கரி இன்னும் வந்து சேரவில்லை என்றிருக்கும்.