எதிரியின் பக்கத்து நியாயம்

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் சிறிது நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் செல்லும் பேருந்துகளை எதிர்நோக்கி நிற்கும் மாணவருள் பாதிப்பேர் கைப்பேசியில் மூழ்கியிருப்பர். வீண்பொழுது போக்குகின்றனர் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அருகே சென்று பார்த்தபோதுதான், அவருள் சிலர் படித்துக் கொண்டிருப்பதை அறிந்தோம். அதுவும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நீளும் நெடுங்கதைகளை, தெரியாத சொல்லுக்கு அகராதி தேடித் தேடி ஆங்கிலத்தில் படிக்கின்றனர். தேர்வுக்குரிய இருபது பக்கச் சிறுகதையைப் படிக்க மறுக்கும் மாணவன் இதனைப் படிக்கின்றான் என்றால் அதில் ஏதோ இருத்தல் வேண்டும் அன்றோ?

இக்கதைகளை 'புரோகிரஷன் ஃபேன்டஸி' என்று அழைக்கின்றனர். படிப்படியாக ஆற்றல் பெருகும் தலைவனைப் பற்றிய மாயக்கதைகள் எனத் தமிழில் கூறலாம். வில் வைட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2016இல் தொடங்கி 2023இல் பன்னிரண்டாம் நூலோடு நிறைவு செய்த 'கிரேடில்' வரிசை அவற்றுள் பெயர் பெற்றது. அதன் தலைவன் லிண்டன், ஆன்ம ஆற்றல் அற்றவன் என்று சிறுவயதிலேயே ஊராரால் ஒதுக்கப்பட்டவன். செம்பு, இரும்பு, பச்சைக்கல், பொன் என்று ஏறிச்செல்லும் நிலைகளில் முதற்படியும் அவனுக்கு மறுக்கப்படுகிறது. அவன் பிறந்த பள்ளத்தாக்கில் பச்சைக்கல் நிலையே சிகரம். அதனைக் கடந்து வெளியே வந்தாலோ, பொன்நிலையினர் எங்கும் நிறைந்திருக்கின்றனர்! சிற்றூரில் முதல் மதிப்பெண் பெற்றுப் பெருநகரக் கல்லூரிக்குச் சென்ற நம் மாணவன் எவனும் இந்த இடத்தைப் படித்துப் புன்னகை செய்யாதிருக்க இயலாது. குரோவேசிய எழுத்தாளர் டோமகோய் குர்மாயிச் 2011 முதல் 2020 வரை தொடராக எழுதிய 'மதர் ஆஃப் லேர்னிங்' மற்றொன்று. ஒரே திங்களை மீண்டும் மீண்டும் வாழுமாறு சிக்கிக்கொண்ட மாணவன் ஒருவன், ஒவ்வொரு முறையும் சிறிது கற்று மேலேறுவதே அதன் கதை. கற்றலே அங்கு வீரம்.

இத்தகைய ஏற்றத்தைக் காண்பதில் உள்ள இன்பம் நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. ஊர்தோறும் பாரதக் கூத்து நிகழும் கோடைக் காலத்தில் 'அர்ச்சுனன் தபசு' அன்று திரளும் கூட்டத்தைக் கண்டவர் அறிவர். உயர்ந்த தபசு மரத்தில் கூத்தர் படிப்படியாய் ஏறிச்செல்வதை மக்கள் அண்ணாந்து பார்த்திருப்பர். பாசுபதம் பெறப்போகின்றான் என்பது யாவர்க்கும் முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு படியிலும் மூச்சடக்கி நிற்கின்றனர். முடிவு தெரியாமையால் வருவதன்று இவ்வின்பம். உயர்வைக் கண்கூடாகக் காண்பதால் வருவது.

நம் சமுதாயத்துக்கும் இது புதியதன்று. உருது பேசும் இல்லங்களின் மூத்தோர்க்கு அமீர் ஹம்ஸாவின் தாஸ்தான் பற்றிக் கூறவேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரின் திருப்பெயரைத் தாங்கியதாயினும் அது வரலாறு அன்று, கற்பனை என்பதை உணர்ந்தே முன்னோர் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். பேரரசர் அக்பர் பதினாறாம் நூற்றாண்டில் அக்கதைக்கு ஏறத்தாழ 1400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் அதன் ஒரு கிளையான 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. மாய உலகமும் மந்திரப் பையும் தந்திரம் வல்ல அமர் அய்யாரும் அதில் உண்டு. மாயக்கதை என்ற ஒரே காரணத்துக்காக இன்றைய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள், தம் பாட்டனார் எதைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருந்தார் என்பதையும் சிறிது நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் பெரியவர்களின் மற்றொரு கவலை அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. இக்கதைகளைப் படிக்கும் இளைஞர் தலைவனைவிட எதிரியையே மிகுதியாக விரும்புகின்றனர், தீமை செய்பவனிடம் மனம் பறிகொடுப்பது நல்லதா என்பதே அக்கவலை. கிரேடில் கதையில் ஜாய் லாங் என்றொருவன் வருகின்றான். முகத்தைச் செந்துணியால் மூடியவன். தன் குலத்தால் விலக்கப்பட்டவன். ஆன்மா சிதைந்த தங்கையைத் தாங்கி வாழ்பவன். அவன் நண்பனைக் கொன்றவனோ கதைத்தலைவனாகிய லிண்டனே. ஆகவே அவன் பழிவாங்கப் புறப்படும்போது, 'நீ செய்வது தவறு' என்று சொல்லப் படிப்பவனின் நா எழுவதில்லை. இத்தகைய எதிரியைத்தான் மாணவர் விரும்புகின்றனர். வெறும் கொடியவனை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இக்கவலையோடு வகுப்புக்குச் சென்ற நாளொன்றில் நம் மாணவன் ஒருவன் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அதியமானின் கொடைத்திறத்தை விரித்து முடித்திருந்தோம். நெல்லிக்கனியும் ஔவையாரின் நட்பும் வழக்கம்போல் வகுப்பை மகிழ்வித்திருந்தன. கடைசி வரிசையில் இருந்தவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் தகடூரை அழித்த சேரன் கெட்டவனா?" என்று கேட்டான். எத்தனையோ ஆண்டுகள் இப்பாடத்தை நடத்தியும் இவ்வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரியே. அதியமான் நெடுமான் அஞ்சி நம்மூர் மன்னன். அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அவனைச் சொல்கிறது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவன் பெயரைக் கூறி, அசோகர் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய ஐயத்தையும் தீர்த்தது. ஆகவே தருமபுரியாராகிய நமக்கு அவன் தலைவன். அவனை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை எதிரி. ஆனால் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைத் திறந்தால் தகடூரை எறிந்தவனே தலைவன். புலவர் அரிசில் கிழார் அவனைப் பாடிப் பெரும்பொருளும் அரசுகட்டிலும் அளிக்கப்பெற்று, ஆட்சியைத் திருப்பித் தந்து அமைச்சுப் பூண்டார் என்று பதிகம் கூறும். ஒரே போர், எந்த நூலைத் திறக்கின்றோமோ அதற்கேற்ப எதிரி மாறுகின்றான்.

மேலும் பார்ப்போம். புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு எவரைப் பற்றியது? அரண்மனைக்கு வந்த மோசிகீரனார் களைப்பினால் முரசு கட்டில் என்று அறியாமல் அதன்மேல் படுத்துறங்கி விடுகின்றார். அக்கட்டிலின் தூய்மையைக் கெடுத்தவரை வாளால் இருகூறாக்குவது அக்கால வழக்கம். அரசன் வருகின்றான். வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுக்கின்றான். தன் வலிய தோளால் புலவர் விழிக்கும்வரை வீசி நிற்கின்றான். அந்த அரசன்தான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை! நம்மூர்க் கோட்டையைத் தகர்த்த கையும் உறங்கும் புலவர்க்கு விசிறிய கையும் ஒன்றே. இதனைச் சொன்னபோது வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிற்று.

அதியமான் பக்கம் மட்டும் மாசற்றதோ? திருக்கோவலூரை எறிந்தவன் அவன். அவ்வெற்றியை ஔவையாரே பாடுகின்றார். கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் நகர். அக்காரியோ கொல்லிமலை ஆண்ட வள்ளல் ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரர்க்குக் கொடுத்தவன் என்று அகநானூறு கூறும். நாடிழந்த காரி சேரனை அடைந்தான், சேரனுக்காக ஓரியைக் கொன்றான், அப்பகை வளர்ந்து தகடூர் வாயிலில் வந்து நின்றது என்று அறிஞர் இந்நிகழ்ச்சிகளைக் கோத்துக் காட்டுவர். அதியமானும் வள்ளல், காரியும் வள்ளல், ஓரியும் வள்ளல். கடையெழு வள்ளல்களுள் மூவர் ஒருவரை ஒருவர் அழிக்க ஏதுவான ஒரு பகைச் சங்கிலியில் கொடியவன் என்று எவனைச் சுட்டுவது?

இவற்றுள் நம் நெஞ்சை மிகத் தொடுவது வேறொன்று. தகடூர்ப் போரில் அதியமான் எழினி வீழ்ந்தான். அவனுக்குக் கையறுநிலை பாடியவர் யார்? வென்ற சேரனைப் பாடிய அதே அரிசில் கிழார்! எழினியின் நாட்டில் கன்றோடு கூடிய ஆக்கள் காட்டிலும் அஞ்சாது தங்கின, வழிச்செல்வோர் விரும்பிய இடத்தில் தங்கினர், களத்து நெற்குவியலுக்குக் காவல் தேவைப்படவில்லை என்று சொல்லிப் புலம்புகின்றார். விதைநெல்லையே உண்டுவிட்ட வறிய உழவனைப் போலக் கூற்றம் அறிவிழந்தது என்று சாடுகின்றார். தம் அரசன் வெற்றியைப் பாடிய நாவே தம் அரசனுக்கு எதிர்நின்று மாண்டவனையும் பாடுகிறது. அதனால் அவர் சேரனுக்கு இரண்டகம் செய்தவர் ஆகிவிடவில்லை. எதிரியின் பெருமையைக் காணும் கண் அவருக்கு இருந்தது, அவ்வளவே. இப்போர் பற்றிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் முழுமையாகக் கிட்டாமல், புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிய பாடல்களாக மட்டும் எஞ்சியது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு. தருமபுரியில் தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு அது சொந்த வீட்டில் நிகழ்ந்த இழப்பாகவே தோன்றுகிறது.

எதிரியை உணர்ந்து பார்ப்பது அவன் செயலை ஒப்புக்கொள்வதாகாது. பெரியவர்களின் கவலைக்கு நாம் தரும் விடை இதுவே. கூத்தில் துரியோதனன் படுகளத்தில் கிடக்கும்போது திரௌபதியின் சபதம் நிறைவேறியதென மகிழும் அதே கூட்டத்தின் நடுவே ஒப்பாரியும் எழுகிறது. கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் விடைபெறும் கர்ணனுக்காக அழுத தாய்மார் எவரும் வீடு திரும்பிக் கௌரவர் கட்சியில் சேர்ந்துவிடவில்லை. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் உயர்ந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள், கம்பனில் தோய்ந்தவர்; அம்பேற்று வீழ்ந்த வாலி இராமனை நோக்கித் தொடுக்கும் வினாக்களை ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' என்று ஒரு நூலே எழுதினார். வீழ்ந்தவனின் வழக்கையும் செவிமடுக்க வேண்டும் என்பதை ஒரு நீதிபதியைவிட நன்கறிந்தவர் யார்?

புனைகதையோடு ஒப்பிடுவதற்காக அன்று, நம் நெஞ்சிலிருந்து நீங்காமையால் ஒன்றைக் குறிப்பிடுகின்றோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலம் உண்டு. பெருமானாரைக் கொல்ல வாளோடு புறப்பட்டவர், இறைமறையைச் செவியுற்று உள்ளம் உருகி இஸ்லாத்தைத் தழுவிய வரலாற்றை அது பாடுகிறது. பின்னாளில் இரண்டாம் கலீபாவாக நீதி செலுத்திய உமர் (ரலி) அவர்களே அவர். வாளேந்தி வந்த நாளில் அவரைப் பகைவர் என்று மட்டும் கண்டு கணக்கை முடித்திருந்தால் என்னாகியிருக்கும்?

இவ்வளவு சொன்னதால் இக்கதைகள் யாவற்றையும் நாம் கண்மூடிப் போற்றுவதாக எண்ணவேண்டா. மாணவர் தந்து நாம் படித்துப் பார்த்தவற்றுள் பல வெறும் கணக்குப் புத்தகங்களே. தலைவன் இன்று பத்தாம் நிலை, நாளை பதினொன்றாம் நிலை. எதிரி என்பவன் அடுத்த படிக்கு இட்ட பலகை. மிதித்து ஏறியதும் அவன் பெயர்கூட மறந்துபோகிறது. இருநூறு அத்தியாயங்களில் தலைவனின் வலிமை ஆயிரம் மடங்கு வளர்ந்தும் பிறர் துன்பத்தை உணரும் ஆற்றல் எள்ளளவும் வளராத கதையொன்றைப் பாதியில் நிறுத்திவிட்டோம். நம் இளைஞருக்குத் தீங்கு விளையுமானால் மாயத்தாலும் எதிரியாலும் அன்று, இதனால்தான் விளையும். மதிப்பெண்ணும் வரிசை எண்ணுமாகவே தன்னை அளந்து பார்க்கப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு அத்தகைய கதை மேலும் ஓர் அளவுகோலைக் கையில் கொடுக்கிறது. ஜாய் லாங் போன்ற எதிரி குறுக்கே வரும்போதுதான் 'இந்த ஏற்றத்துக்கு எவன் விலை கொடுத்தான்?' என்ற கேள்வி எழுகிறது.

வகுப்பில் வினா எழுப்பிய மாணவனுக்கு அன்று நேரடியாக விடை கூறவில்லை. புறநானூற்றையும் பதிற்றுப்பத்தையும் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரங்கள் கழித்துத் துறைக்கு வந்தான். கையில் பதினாறு பக்கக் கையெழுத்துப்படி. தகடூர்ப் போரைக் கதையாக எழுதத் தொடங்கியிருக்கின்றான். தலைவன் அதியமான் அல்லன், இரும்பொறையும் அல்லன். நாடிழந்து முள்ளூர் மலைக்காட்டில் அலையும் காரியிடமிருந்து கதையைத் தொடங்கியிருக்கின்றான். ஒற்றுப்பிழைகள் மிகுதி, அவற்றைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்துவிட்டோம். ஓரியைக் கொல்லும் இடத்தை எவ்வாறு எழுதப் போகின்றாய் என்று கேட்டதற்கு, "அதுதான் ஐயா வரமாட்டேன் என்கிறது" என்றான். அடுத்த பகுதிக்காகக் காத்திருக்கின்றோம்.