முதலில் கொட்டை, பிறகு இயந்திரம்



கைத்தொலைபேசியைத் தவணையில் வாங்குவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் மூன்று, ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன. "ஐயா, கொட்டையைப் போட்டால் தானே அரைத்து, தானே கோப்பி ஊற்றித் தரும் இயந்திரம் வந்திருக்கிறதே, மகன் வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?" இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்டு என்றே முடிவு செய்தேன். அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றைப் பாழாக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

கேளுங்கள். எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அவன் தாயார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்த பின் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் மகனோடு இருக்கிறார். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன் அடுப்பை ஊதி, துணிப்பையில் கோப்பி வடித்தே பழகிய கை அது. இப்போது முழங்கை வலி. கொதிக்கும் தண்ணீர்க் குவளையைத் தூக்கி ஊற்ற முடிவதில்லை. மகன் பார்த்தான். போனஸ் பணம் வந்ததும் 2,200 வெள்ளிக்கு ஓர் இயந்திரத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டான்.

2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த இயந்திரம் ஓர் ஆளின் ஒரு மாத உழைப்பையும் தாண்டியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைத்த அன்று என்னைக் கூப்பிட்டார்கள். "வாத்தியாரையா, எந்தக் கொட்ட வாங்கிப் போடறது?" என்று அந்த அக்கா கேட்டார். படித்தவன் என்ற நினைப்பில் நானும் தயங்காமல் சொன்னேன். "பெர்ரியில் ஏறித் துறைமுகத்தில் இறங்குங்கள் அக்கா. லிட்டில் இந்தியாவைத் தாண்டினால் கோப்பி வறுத்து விற்கும் பழைய கடை இருக்கிறது. நீங்கள் இத்தனை நாள் குடித்த அதே கோப்பியைத் தூளாக அரைக்காமல் கொட்டையாகவே கேட்டு வாங்குங்கள்." அவரும் அப்படியே செய்தார். கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசியது போல் மினுமினுக்கும் கொட்டை. வீடெல்லாம் மணம்.

மூன்றாம் நாள் இயந்திரம் உறுமியது. நான்காம் நாள் நின்றுவிட்டது.

பழுது பார்க்க வந்தவர் மேல்மூடியைத் திறந்தார். அரைக்கும் பற்களைச் சுற்றிக் கருப்பு மிட்டாய் போல் ஏதோ இறுகிக் கிடந்தது. கைப்புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். சர்க்கரை கலந்து வறுத்த கொட்டையைப் போடக் கூடாது என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. உத்தரவாதம் செல்லாது, அரவைப் பகுதியை மாற்ற 380 வெள்ளி ஆகும் என்றார். பையன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். தாயார்தான், "வுடுப்பா, நமக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று சொல்லி, ஒரு பழைய துண்டை எடுத்து இயந்திரத்தின் மேல் போர்த்தினார். இறந்தவர் முகத்தை மூடுவது போல இருந்தது எனக்கு.

பாதிப் பணத்தை நான் கொடுத்தேன். அது அடுத்த வாரம் முறுக்கு டின்னுக்குள் வைத்து எனக்கே திரும்பி வந்தது. அது வேறு கதை.

தவறு எங்கே என்று அதன் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். நம் நாட்டுக் கோப்பிக் கடைகளில் குடிக்கும் கோப்பி, கொட்டையை மட்டும் வறுத்துச் செய்ததன்று. வறுபடும் கடைசிக் கட்டத்தில் சர்க்கரையையும் மார்ஜரினையும் சேர்ப்பார்கள். சர்க்கரை உருகிக் கருகி ஒவ்வொரு கொட்டையையும் மூடிக்கொள்ளும். கொட்டி ஆற வைத்தால் கடலை மிட்டாய் மாதிரி பாளமாக இறுகிவிடும். அதை உடைத்துத்தான் அரைப்பார்கள். அந்தக் கருமையும் கெட்டியும் கடைசியில் நாக்கில் நிற்கும் கருகல் இனிப்பும் அப்படி வருபவைதாம். ஈப்போ வெள்ளைக் கோப்பி இதிலிருந்து சற்று மாறுபட்டது. அதில் சர்க்கரை சேர்ப்பதில்லை, ஆனால் மார்ஜரின் உண்டு.

கடையில் இருக்கும் பெரிய அரவை இயந்திரம் இதைத் தாங்கும். வீட்டு இயந்திரத்தின் அரவைப் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியோ மயிரிழைதான். சர்க்கரைப் பூச்சு உராய்வுச் சூட்டில் இளகி, நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து, இயந்திரம் ஆறியதும் கல்லாகிவிடுகிறது. இரும்புப் பல்லானாலும் பீங்கான் பல்லானாலும் கதி ஒன்றுதான்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. நம் முன்னோர்களில் பலர் கடல் கடந்ததே கோப்பிக்காகத்தான். இலங்கை மலைகளில் கோப்பிக் காடு வெட்டியவர்கள் தமிழர்கள். 1869-இல் இலையில் துரு நோய் கண்டு அந்தத் தோட்டங்கள் அழிந்த பிறகுதான் அங்கே தேயிலை பரவியது. மலாயாவிலும் சிலாங்கூர், பேராக் பக்கம் ரப்பருக்கு முன்னால் கோப்பிதான் நின்றது. 1890-களின் கடைசியில் விலை விழுந்து, கோப்பி மரம் இருந்த இடத்தில் ரப்பர் மரம் ஏறியது. கோப்பிக்காகவே கப்பலேறிய பரம்பரையில் வந்த நான், வாத்தியார் வேறு, ஒரு கொட்டையைப் பார்த்து இது இயந்திரத்துக்கு ஆகுமா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இப்போது தெரியும். சொல்கிறேன். ஒரு பிடி கொட்டையை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் உருண்டு, மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஒட்டினாலும் கறுத்து மின்னினாலும் வேண்டாம். ஐயம் இருந்தால் நாலு கொட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சர்க்கரைப் பூச்சு கரைந்து தண்ணீர் சீக்கிரமே நிறம் மாறும். பொட்டலமானால் 'ராமுவான்' என்ற வரியைப் படியுங்கள். 'பீஜி கோப்பி' மட்டும் இருக்க வேண்டும். 'குலா', 'மார்ஜரின்' என்று கண்டால் அது துணிப்பைக்கு உரியது. கோப்பித் தூளில் 'சம்புரான்' என்று போட்டிருந்தால் வேறு பொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கும்பகோணத்து முறையில் சிக்கரி கலந்த தூள் வாங்குகிற வீடுகளும் உண்டு. அதைக் கொட்டை போடும் குழியில் தப்பித் தவறியும் கொட்டிவிடாதீர்கள். அது பித்தளை பில்டருக்குப் பிறந்தது.

சரி, இயந்திரம் என்னதான் செய்கிறது? மேலே கொட்டைக் குழி. பொத்தானை அழுத்தினால் ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய பத்து கிராம் கொட்டையை அரைத்து, ஒரு சிறு உருளைக்குள் இறுக்கி அழுத்தும். பம்பு ஒன்று 90 பாகைக்கு மேல் சூடான தண்ணீரை அதற்குள் பலமாகத் தள்ளும். அரை நிமிடத்துக்குள் கெட்டிச் சாறு இறங்கும். சக்கை வில்லையாகி உள்ளே இருக்கும் தட்டில் விழும். இத்தாலியின் சாயெகோ நிறுவனம் 1985-இல் வீட்டுக்கென்று இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று கடையில் காண்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

வாங்குவதானால் நான் முதலில் பார்ப்பது, உள்ளே கோப்பி வடிக்கும் பகுதியைக் கையால் கழற்றிக் கழுவ முடியுமா என்பதைத்தான். சில நிறுவனத்தார் கழற்ற முடியாதபடி செய்து, மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஈரமும் சூடும் நிறைந்த நம் ஊருக்குக் குழாயடியில் கழுவக்கூடியதே மேல். இரண்டு நாள் மறந்தால் சக்கையில் பூசணம் பூத்துவிடும்.

பாலைத் தானே நுரைத்து ஊற்றும் குடுவை வைத்த இயந்திரத்துக்கு இன்னும் பல நூறு வெள்ளி கூட. கெட்டிப்பால் டின் திறந்து குடிக்கும் குடும்பத்துக்கு அது எதற்கு? கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் அதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்டது வீட்டில் இருந்தால், கெட்டிப்பாலை அந்தக் குடுவையில் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்துக்கொள்ளும். கெட்டிப்பால் கண்ணாடிக் குவளையின் அடியில் இருக்கட்டும், கோப்பி அதன் மேல் இறங்கட்டும்.

மலிவு என்று வெளிநாட்டிலிருந்து நேரே தருவித்த சரக்கை வாங்கினால், நம் மூன்று முள் பிளக்கும் இருக்காது, உள்ளூர் உத்தரவாதமும் இருக்காது. சிரிம் முத்திரையைப் பாருங்கள். பழுது பார்க்கும் இடம் பினாங்கிலோ செபராங் பிறையிலோ உண்டா, இல்லை கோலாலம்பூருக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்று பணம் கொடுக்கும் முன்னே கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். விற்றவர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்க வழியுண்டு, வக்கீல் தேவையில்லை. எங்கள் கதையில் அது உதவாது. குற்றம் விற்றவருடையதன்று, கைப்புத்தகத்தைப் படிக்காத வாத்தியாருடையது.

செலவு இயந்திரத்தோடு முடிவதில்லை. கால் கிலோ கொட்டையில் 25 கோப்பை வரும். பொட்டலம் 20 வெள்ளி என்று வைத்தால் ஒரு கோப்பைக்கு 80 காசு. நாலு பேர் காலையும் மாலையும் குடித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 190 வெள்ளி! பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததில் 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் கோப்பி விலை இதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. ஆகவே தவணையில் வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். சில வெள்ளிக்கு விற்கும் துணிப்பை உங்களை ஒருநாளும் கைவிடாது. கையில் உபரிப் பணம் இருந்து, அந்த அக்காவைப் போல் கை வலியும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்கிய பின் பிள்ளையைப் போல் பார்க்க வேண்டியிருக்கும். குழியில் இரண்டு நாளுக்கான கொட்டையை மட்டும் போட்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சக்கைத் தட்டையும் நீர்த் தட்டையும் இரவே கழுவுங்கள். கறிவேப்பிலைச் செடிக்குச் சக்கையைக் கொஞ்சமாக மண்ணோடு கலந்து போடலாம். உப்புப் படிவு நீக்கச் சொல்லி விளக்கு எரிந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அதற்குரிய மருந்தை வாங்கி ஊற்றுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், முகம் சுளிக்காதீர்கள். இளஞ்சூடும் ஈரமும் இருக்கும் இடம் கரப்பான் பூச்சிக்கு அரண்மனை. சோற்றுப் பானையையும் குப்பைக் கூடையையும் இயந்திரத்தின் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பழுது நீங்கி வந்த பிறகும் அந்த வீட்டில் பத்து நாள் துண்டு எடுபடவில்லை. நான் சர்க்கரை சேராத கொட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். எதிர்க்கரையில் சுமத்ராவின் காயோ மலையில் விளைந்தது, அராபிகா. அக்கா ஒரு மிடறு குடித்தார். "புளிக்குதே, வாத்தியாரையா." உண்மைதான். இளவறுவல் அராபிகாவில் புளிப்பு தெரியும். நம் நாக்கு அதற்குப் பழகியதில்லை. மறு வாரம் ரொபஸ்தா அதிகம் சேர்த்து நன்றாகக் கறுக்க வறுத்த, ஆனால் எண்ணெய் கசியாத கொட்டையைத் தேடிப் பிடித்தேன். அதன் கசப்பு அவருக்குத் தெரிந்த கசப்பு. அடுத்த குறை, "சூடே இல்ல." இயந்திரத்தில் சூட்டை மேல் நிலைக்கு ஏற்றினோம். குவளையில் முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, கெட்டிப்பால் இரண்டு கரண்டி விட்டு, அதன் மேல் இரண்டு முறை கோப்பி இறக்கினோம்.

குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. குவளையைக் கழுவி வைத்துவிட்டுத் துண்டை மடித்து அலமாரியில் வைத்தார்.

இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் இயந்திரம் உறுமுகிறதாம். மகன் புகார் சொல்கிறான், தூக்கம் கெடுகிறது என்று. பழைய சர்க்கரைக் கொட்டை அரைக் கிலோ மிச்சம் இருந்ததே, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடையிலேயே கொடுத்து அரைத்து வாங்கி வந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் துணிப்பையில் வடிக்கிறார்கள். வெந்நீர்க் குவளையைத் தூக்குவது மகன்.