இழை அறுந்தும் தறி ஓடியது! சென்னை அணியின் தொடக்க ஆட்டங்கள்: வெண்ணந்தூர் ரசிகர்கள் கொதிப்பு

வெண்ணந்தூர்-

ராசிபுரம் பக்கத்தில் உள்ள வெண்ணந்தூர் தறிக்கார ஊர். ராத்திரி ஷிப்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் நூலிலும் ஒரு கண் செல்போனிலும் இருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம் என்றால் இரண்டு கண்ணும் செல்போனில்தான்!

அந்த ரசிகர்களை 2025-ம் ஆண்டு ஐ.பி.எல். தொடக்கம் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் 6 ஆட்டங்களில் வெற்றி ஒன்று. தோல்வி ஐந்து. அதுவும் வரிசையாக ஐந்து!

சென்னை அணி அதற்கு முன் ஐ.பி.எல்.லில் தொடர்ந்து 5 ஆட்டங்களில் தோற்றதே கிடையாது. கடைசியில் 10 அணிகளில் 10-வது இடம். 5 முறை கோப்பை வென்ற அணி கடைசி இடத்துக்குப் போனதும் அதுதான் முதல் தடவை.

"தோக்கறது தப்பில்லீங்க. அடிச்சுப் பார்த்துட்டுத் தோத்தா மனசு ஆறிடும். அடிக்காமலே தோத்தாங்களே, அதைத்தான் தாங்க முடியலை" என்பதுதான் டீக்கடை பெஞ்சுகளில் எழுந்த புலம்பல்.

இது வெறும் ஆத்திரமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும்.

முதல் வெற்றி மறைத்தது

மார்ச் 23-ந் தேதி சேப்பாக்கத்தில் மும்பையுடன் முதல் ஆட்டம். மும்பை 155 ரன். நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் சாய்த்தார். ரச்சின் ரவீந்திரா ஆட்டம் இழக்காமல் 65. சென்னைக்கு 4 விக்கெட்டில் வெற்றி. பட்டாசு வெடித்தது.

வெடிச் சத்தத்தில் ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. எட்டிப் பிடிக்க வேண்டியது வெறும் 156 ரன்தான். அதற்கே கடைசி ஓவர் வரை போக வேண்டி வந்தது.

ஐந்தே நாளில் குட்டு உடைந்தது.

மார்ச் 28-ந் தேதி பெங்களூர் 196 ரன் குவித்தது. பதிலுக்கு ஆடிய சென்னை, முதல் 6 ஓவரில் 30 ரன்னுக்கு 3 விக்கெட்டைப் பறிகொடுத்தது. 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூர் பெற்ற முதல் வெற்றி அது. 17 வருடக் கோட்டை ஒரே ராத்திரியில் இடிந்தது.

அன்று டோனி இறங்கியது 9-வது ஆட்டக்காரராக. அஸ்வினுக்கும் பின்னால்! 16 பந்தில் 30 ரன் அடித்தார். ஆனால் அதற்கு முன்பே ஆட்டம் கை விட்டுப் போயிருந்தது. "அடிக்கத் தெரிஞ்சவரை ஆட்டம் முடிஞ்ச பிறகு எதுக்கு அனுப்பணும்?" என்று அன்றைக்கு எழுந்த கேள்வி சீசன் முழுக்க ஓயவில்லை.

பயிற்சியாளர் பிளெமிங் அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு காரணம் சொன்னார். டோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்றார். காரணம் சரிதான். ஆனால் 43 வயது ஆட்டக்காரரின் முழங்காலை நம்பித்தான் ஓர் அணி ஓட வேண்டுமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

180 என்ற சுவர்

மார்ச் 30. கவுகாத்தி. ராஜஸ்தான் 182. சென்னைக்கு 6 ரன்னில் தோல்வி. கடைசி ஓவரில் 20 ரன் தேவைப்பட்டபோது டோனி அவுட்.

ஏப்ரல் 5. சேப்பாக்கம். டெல்லி 183. சென்னை 158.

ஏப்ரல் 8. பஞ்சாப் 219. பிரியான்ஷ் ஆர்யா என்ற இளைஞர் 39 பந்தில் சதம் போட்டார். சென்னையின் கையிலிருந்து கேட்ச்கள் நழுவின. 18 ரன்னில் தோல்வி.

பெங்களூர் ஆட்டத்தையும் சேர்த்தால் நான்கு தோல்வியிலும் ஒரே நோய். 180-க்கு மேல் துரத்த வேண்டும் என்றால் சென்னைக்கு மூச்சு வாங்கியது. மற்ற அணிகளுக்கு 200 ரன் என்பது சாதாரணமாகிவிட்ட காலம் அது.

நான்கில் மிகவும் எரிச்சல் மூட்டியது டெல்லி ஆட்டம்தான். 74 ரன்னுக்கு 5 விக்கெட் போனதும் டோனியும் விஜய் சங்கரும் சேர்ந்தார்கள். கடைசி வரை இருவரும் அவுட் ஆகவில்லை. ஆனால் டோனி 26 பந்தில் 30. விஜய் சங்கர் 54 பந்தில் 69. கையில் 5 விக்கெட்டை மிச்சம் வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்றார்கள்!

விக்கெட்டைச் சேமித்து என்ன செய்வது? கூட்டுறவு வங்கியிலா போட முடியும்?

சொந்த மண்ணில் 103

அடுத்து வந்தது ஏப்ரல் 11. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் விலகினார். டோனி மீண்டும் கேப்டன் ஆனார். ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடந்தது என்ன? 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் சென்னை எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர். நடுவில் பத்து ஓவர் அளவுக்கு ஒரு பவுண்டரி கூட இல்லை.

முதல் 6 ஓவரில் சென்னை 31 ரன். கொல்கத்தா அதே 6 ஓவரில் 71. மொத்த ஆட்டத்தையும் 10.1 ஓவரில் முடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அன்று சென்னையின் விக்கெட்டுகளைச் சாய்த்தவர்களில் தமிழ்நாட்டு வருண் சக்கரவர்த்தியும் ஒருவர்.

அந்தச் சீசனில் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். பஸ் ஏறிப் போய், அந்தப் பணத்தையும் கொடுத்து, பாதி ராத்திரிக்கு முன்பே எழுந்து வந்தவனின் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது?

பழைய கணக்கு

பொறுமை காக்கச் சொன்னவர்களும் ஊரில் உண்டு. "2010-ல என்ன ஆச்சு? முதல் 7 ஆட்டத்துல 5 தோத்து, அப்புறம் கோப்பையே ஜெயிக்கலையா?" என்று அவர்கள் கேட்டார்கள். உண்மைதான். சென்னையின் முதல் கோப்பை அது.

ஆனால் 2022-ல் முதல் 4 ஆட்டம் தோற்ற சென்னை 9-வது இடத்தில்தான் முடித்தது. ஆகவே தொடக்கத் தோல்வி மட்டும் எதையும் சொல்லிவிடாது. தோற்ற பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். "போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டினால் துணி முழுக்கப் பழுதாகிவிடும். வெண்ணந்தூரில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது.

சென்னை அணி ஆளை மாற்றவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் இறங்கி 2, 5, 23 என்று எடுத்த திரிபாதியை நிறுத்திவிட்டு கான்வேயைக் கொண்டு வந்தார்கள். ஆனால் ஆட்டத்தின் வேகம் மாறவில்லை. நூல் அறுந்த இடம் அதுதான்.

பையன் வந்தான்

ஏப்ரல் 20-ந் தேதி மும்பையில் 17 வயது ஆயுஷ் மாத்ரேவை இறக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32. மே 3-ந் தேதி பெங்களூரை எதிர்த்து 48 பந்தில் 94! அந்த ஆட்டத்தில் 2 ரன்னில் தோற்றபோது ஊரில் யாரும் திட்டவில்லை. பையனைப் பற்றித்தான் பேச்சு.

மே 7-ந் தேதி கொல்கத்தாவில் 180 என்ற இலக்கை எட்டிப் பிடித்தார்கள். மே 25-ந் தேதி ஆமதாபாத்தில் 230 ரன் குவித்து குஜராத்தை 83 ரன்னில் மண்ணைக் கவ்வ வைத்தார்கள்.

ஆனால் ஏப்ரல் 30-ந் தேதியே பிளே ஆப் வாய்ப்பு போய்விட்டது. மருந்து வந்தபோது நோயாளி இல்லை.

நிர்வாகமும் பிறகு புரிந்துகொண்டது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் ரூபாய் கொட்டியது.

டீக்கடை பெஞ்ச் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சொன்னதைச் செய்ய எட்டு மாதம் ஆனது.

இனி எந்தச் சீசன் தொடங்கினாலும் வெற்றி, தோல்வியை மட்டும் பார்த்துப் பயன் இல்லை. முதல் 6 ஓவரில் எத்தனை ரன், தோற்ற மறுநாள் என்ன மாற்றம் என்று பார்த்தால் போதும். தறி நின்றதா, இல்லை அறுந்த நூலோடு ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.