பாசிக்குள் பூட்டிய நீலம்

"ஏம்மா, செம்பனை ஆலைக் குளத்தில் பச்சையாகப் பாசி மிதக்குதே, அதைக் காயவைத்து விற்கலாமா?" போன வாரம் வானொலியில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-இல் உருவான வட்டாரம் அது. அப்படிப்பட்ட குளங்களை நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவள்தான்.

அவர் கேட்டதில் பாதி உண்மை. ஸ்பைருலினா என்ற நுண்பாசிக்குள் ஃபைக்கோசயனின் என்ற நீலப் புரதம் இருக்கிறது. மிட்டாய், ஐஸ்கிரீமுக்கு அது இயற்கை நிறம். ஆனால், உயிரணுவின் சவ்வுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதிகம் சூடாக்கினால் நீலம் கெட்டுவிடும். எனவே பாசி கலந்த நீரை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஓடவிட்டு, கண்ணிமைப்பதைவிட மிகக் குறுகிய, உயர் அழுத்த மின்துடிப்புகளைப் பாய்ச்சுகிறார்கள். சவ்வில் நுண்துளைகள் விழுகின்றன. நீலம் மெல்ல நீரில் கசிகிறது. பாசி நொறுங்காததால் பிரிப்பது எளிது. உருளைக்கிழங்கு வறுவல் ஆலைகளிலும் கிழங்கை இளக்க இதே மின்துடிப்பு உதவுகிறது.

மீதிப் பாதியையும் சொன்னேன்: "குளத்துப் பாசியைத் தொடாதீங்க ஐயா. சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். உணவுக்கான பாசியைச் சுத்தமான தொட்டியில்தான் வளர்க்கிறாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பேத்தி ஐந்தாம் படிவத்தில் அறிவியல் படிக்கிறாள். அவளிடம் சொல்றேன்மா" என்றார்.

வெயிலும் நீரும் நம் தோட்டப்புறத்தில் தாராளம். பூட்டைத் திறக்கப் படித்த பிள்ளைகள்தான் வேண்டும். உங்கள் வீட்டுப் பேத்தியிடமும் சொல்லுங்களேன்!