வெள்ளைத்தாள் போதும்
ஆகஸ்ட் 6 வந்தால் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ பற்றிப் பத்திரிகைகளில் நாலு வரியாவது வந்துவிடும். சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகிய அந்த 2001ஆம் ஆண்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. போனது 28 உயிர். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்துவிட்டது. சம்மதம் இல்லாத ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால் இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள்தான், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண்ணென்றால் மூன்றே நாளுக்குள், தகவல் போக வேண்டும். எல்லாம் சரி. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது யாரும் அதிகம் பேசாத 14ஆம் பிரிவு. ‘நாளை எனக்கு நிலை தவறினால் என் சார்பில் இன்னார் பேசட்டும்’ என்று வயது வந்த எவரும் இன்றே எழுதி வைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அந்த இன்னார் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, நம்பிக்கையான சிநேகிதியாகவும் இருக்கலாம். சொத்துத் தகராறில் கூடப்பிறந்தவளையே ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்திக் கொண்டுபோய்த் தள்ளுகிற குடும்பங்களும் இருக்கும்போது இது சின்ன விஷயமா? எழுதி வைக்காதவருக்காகச் சட்டம் முதலில் தேடிப் போவது உறவினரைத்தான். அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இந்த உரிமையைப் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள், மாதிரிக்கு ஒரு தாளையும் சேர்த்து.